என் மகள் சொன்ன பட விமர்சனம்

1

யாழினியின் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவன் நான்தான். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று என் மனைவி மலர் சொல்கிறாள். அது முழு உண்மை இல்லை. ஆனால் அவளிடம் வாதாடுகிற நிலையில் நான் இல்லை.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் என்கிற ஊரில். பதினெட்டு வருடமாகிறது. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஒரு பால் தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மலர் முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். ஒரே மகள் யாழினி இங்கேயே பிறந்தவள், வயது பதினாறு. சென்ற டிசம்பரில் என் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. மலருக்கு லீவு கிடைக்காததால் நானும் யாழினியும் மட்டும் கிளம்பினோம். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், தங்கை தமிழரசியின் வீட்டில் ஒரு மாதம் இருப்பது, பொங்கல் முடிந்த நான்காம் நாள் திரும்புவது என்று திட்டம். பிப்ரவரி தொடக்கத்தில் யாழினிக்குப் பள்ளி திறந்துவிடும்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் திருவாரூர் போய்விட்டு வரும்போது, பேருந்திலேயே என் தோள்பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். சிம் கார்டு வாங்க அடையாளம் கேட்பார்கள் என்று இருவர் பாஸ்போர்ட்டையும் கொண்டுபோயிருந்தேன். என்னுடையது சட்டைப் பையில் இருந்தது. அவளுடையது தோள்பையில். டெப்போ, கண்டக்டர் வீடு, கடைசி நிறுத்தத்து டீக்கடை என்று இரண்டு நாள் அலைந்தோம். கிடைக்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முதலில் போலீஸில் எழுதிக் கொடுத்துத் தொலைந்ததற்கான சான்று வாங்க வேண்டும். அதை வைத்து தில்லியில் இருக்கும் நியூசிலாந்துத் தூதரகத்தில் தற்காலிகப் பயணப் பத்திரம் கேட்க வேண்டும். அது வந்ததும் சென்னையில் வெளிநாட்டவருக்கான அலுவலகத்தில் நாட்டை விட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும். என் சொந்த ஊரிலிருந்து என் மகளை வெளியே கூட்டிப்போக அனுமதி. அந்த வார்த்தையைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

போலீஸில் கொடுத்த மனுவை அவசரத்தில் நானே ஆங்கிலத்தில் எழுதினேன். பெயரை ஒய், ஏ, எல் என்று எழுதிவிட்டேன். பாஸ்போர்ட்டில் அந்த எல் இடத்தில் இருப்பது இசட் ஹெச். அவள் பிறந்தபோது 'ழ' இருக்கிற பெயர்தான் வேண்டும், அதை ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று மலரோடு சண்டை போட்டவன் நான். அங்கே பள்ளியில் ஆசிரியர்கள் அவளை 'யாஸினி' என்று கூப்பிடும்போதெல்லாம் திருத்திக்கொண்டே இருந்தவனும் நான். தில்லியிலிருந்து பதில் வந்தது: இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்பதற்குப் புதிய சான்று தேவை. டிக்கெட் தேதி கடந்து போனது.

2

புதிய விண்ணப்பத்துக்குப் போட்டோ வேண்டும். முகம் இத்தனை மில்லிமீட்டர், பின்னால் நிழல் விழக் கூடாது, பல் தெரியக் கூடாது என்று ஒரு பக்கம் விதிகள். தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோவில் சரியாக எடுப்பார்கள் என்றார்கள். தங்கை கணவர் குமரவேல் கார் வைத்துக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அவர் நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். சம்பா அறுப்பு நேரம் என்பதால் பொதுவாக அவரைக் கண்ணால் பார்க்க முடியாது. முந்தின நாள் எதிர்பாராமல் பெய்த மழையில் வயலெல்லாம் ஈரம், மெஷினை இறக்க முடியவில்லை. தமிழரசி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். அவளும் அன்றைக்கு லீவு போட்டாள்.

போட்டோ பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. குமரவேல், "இவ்ளோ தூரம் வந்தாச்சு மச்சான், படம் ஒண்ணு பார்த்துட்டுப் போயிடுவோம்" என்றார். பொங்கலுக்கு வந்த படம். அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கதாநாயகன் ஒரு கல்யாணச் சமையல்காரன். பரம சாது. ஆனால் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது இலையை இழுத்துவிட்டால் வெறி வந்துவிடும். கதை அவ்வளவுதான். முதல் சண்டையில் பந்தியை விட்டு எழுந்திருக்காமலே, இடது கையால் மட்டும், கரண்டியும் ஜல்லிக் கரண்டியும் தேங்காய் துருவியும் வைத்து நாற்பது பேரைக் கொல்கிறான். வலது கை சோறு பிசைந்துகொண்டே இருக்கிறது. தெறித்த ரத்தம் இலையில் விழுந்ததும் "ரசம் யார்ரா கேட்டா?" என்கிறான். தியேட்டர் அதிர்ந்தது. சாகிறவர்களை ஜனங்கள் ஒன்று, இரண்டு என்று ஒரே குரலில் எண்ணினார்கள். அறுபத்தேழில் கணக்குத் தவறிப்போய் இரண்டு கட்சியாகப் பிரிந்து எண்ணினார்கள்.

இடைவேளைக்குப் பிறகு அறுவடை மெஷின் வந்தது. வில்லனின் ஆட்கள் வயலில் வரிசையாக ஓடி வருகிறார்கள். கதாநாயகன் மெஷினை அவர்கள் மேல் விடுகிறான். முன்னால் ஆட்கள் போக, பின்னால் சட்டை துணிமணிகள் மட்டும் கட்டுக்கட்டாக வந்து விழுகின்றன. குமரவேல் என் காதருகே குனிந்தார்.

"மச்சான், ஒரு தேங்கா மட்ட சிக்கினாலே பெல்ட் அறுந்து பாதி நாள் போயிடும். இதுல நாப்பது ஆளு போறான், மெஷின் ஒரு இருமல்கூட இருமல."

எனக்கு வெளியே போக வேண்டும்போல இருந்தது. வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இரு பக்கமும் பதினைந்து பேரின் முழங்கால்கள். அந்த வயலில் விழுந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் கறுத்து, மெலிந்து, கைலி கட்டி, என் சித்தப்பன்கள் மாதிரியே இருந்தார்கள். அதில் ஒருவனுக்கும் பெயர் இல்லை. இதைக் குமரவேலிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அந்த மூணாவதா விழுந்தவன் நம்ம பக்கத்து ஊரு ஆளுதான். லாரி ஓட்டிட்டு இருந்தான். சட்டையை மாத்தி மாத்தி இதே படத்துல மூணு தரம் செத்திருக்கான். ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்" என்றார் அவர்.

மறுபக்கம் திரும்பிப் பார்த்தேன். யாழினி சிரித்துக்கொண்டிருந்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. கண்ணில் நீர் வழிய, அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். வந்ததிலிருந்து, அதுவும் பாஸ்போர்ட் போனதிலிருந்து, அவள் அப்படி இருந்து நான் பார்க்கவில்லை. வசனத்தில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. தமிழரசி குனிந்து குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தையும் மருமகளும் சேர்ந்து விசில் அடிக்க முயன்று காற்று மட்டும் வந்தது.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.

3

வெளியே வந்தால் வாசலில் ஒரு பெண் மைக்கோடு நின்றாள். முப்பது வயது இருக்கும். யூடியூப் சேனல். படம் பார்த்து வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் நகரவில்லை என்பதால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"மாஸ்ங்க. லாஜிக்லாம் பார்க்கக் கூடாது" என்றான் ஒருவன். பெரியவர் ஒருவர், "காது போச்சு தம்பி. கதையும் போச்சு. ஆனா தூக்கம் வரல" என்றார், மைக் பிடித்தவள் பெண் என்பதைக்கூடக் கவனிக்காமல். இடுப்பில் குழந்தையோடு வந்த ஓர் அம்மா, "பிள்ளைங்களோட பார்க்குற படமா இது? முழுக்க வெட்டு, குத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தை ஐஸ் குச்சியால் அவள் கழுத்தில் குத்தி "ரசம் யார்ரா கேட்டா" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டாள்.

மைக் தமிழரசியிடம் வந்தது. அவள் கூச்சப்படாமல் சொன்னாள்: "நாள் முழுக்க ஆபீசரு, சூப்பர்வைசரு, வீட்டுக்காரருன்னு எல்லார்கிட்டயும் சரிங்க சரிங்கன்னு நிக்கிறோம். ஒருத்தன் நமக்கும் சேர்த்துத் திருப்பி அடிக்கிறான். நல்லாத்தான் இருக்கு." வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார்.

பிறகு மைக் யாழினியிடம் போனது. நான் முன்னால் நகர்ந்தேன், அவளுக்காகப் பதில் சொல்ல. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தமிழில் பேசினாள்.

"சூப்பரா இருந்துச்சு. ஹீரோ அப்படியே படத்தைக் கொன்னுட்டாரு. ஃபர்ஸ்ட்ல இருந்து லாஸ்ட் வரைக்கும் கொன்னுட்டாரு. என்னால தாங்க முடியல. நான் செத்துட்டேன்."

"எங்கேருந்து வர்றீங்க?"

"நியூசிலாந்து."

காரில் ஏறியதும் என்னிடம், "அப்பா, நான் கரெக்டா பேசினேனா?" என்று கேட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. ஆங்கிலத்தில் ஒருவன் அசத்திவிட்டான் என்பதற்கு 'ஹி கில்ட் இட்' என்பார்கள். அதைத்தான் அவள் அப்படியே தமிழாக்கியிருந்தாள். எனக்கு அது புரிந்தது. தமிழில் 'படத்தை' என்று சேர்த்துச் சொன்னால் நாசமாக்கிவிட்டார் என்று அர்த்தம் வருமே என்று திருத்த வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா பேசினே" என்றேன்.

4

மறுநாள் காலை குமரவேல் போனை நீட்டினார். 'தலைவர் படத்தைக் கொன்னுட்டாரு: நியூசிலாந்துப் பெண் ஆவேசம்' என்று தலைப்பு. 'சூப்பரா இருந்துச்சு' என்பது வெட்டப்பட்டிருந்தது. "கொன்னுட்டாரு, கொன்னுட்டாரு, என்னால தாங்க முடியல" மட்டும் மூன்று தடவை வந்தது. சிரித்துச் சிவந்திருந்த அவள் முகம் அந்தத் தலைப்புக்குக் கீழே கோபத்தில் சிவந்ததுபோலத்தான் தெரிந்தது.

மதியத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. கீழே வந்த கருத்துகளை எல்லாம் எழுத முடியாது. பதினாறு வயதுப் பெண்ணை என்னவெல்லாம் சொல்லலாம் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து யோசித்ததுபோல இருந்தது. அவளுடைய நிறம், அவளுடைய அம்மா, நாங்கள் என்ன ஆட்கள் என்பதுவரை. எதிர் நடிகரின் ரசிகர்கள் இன்னொரு பக்கம். அவள் தலையில் கிரீடம் வைத்து 'உண்மையைப் பேசிய சிங்கப் பெண்' என்று போஸ்டர் செய்து அனுப்பினார்கள். திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அவளுக்குப் படம் பிடிக்கவில்லை என்பதில்.

படம் பிடிக்காதவன் நான். என்னிடம் யாரும் மைக் நீட்டவில்லை.

மூன்றாம் நாள் யாரோ எங்கள் தெருவின் பெயரைக் கருத்தில் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு இரண்டு பைக்கில் நான்கு பேர் வந்தார்கள். வீட்டு முன்னால் நின்று ஹாரன் அடித்தார்கள். போனார்கள், திரும்பி வந்தார்கள், அடித்தார்கள். மூன்று சுற்று. குமரவேல் வயலில் இருந்தார். தமிழரசி ஜன்னல்களைச் சாத்தினாள். யாழினி உள்ளறையில் கட்டிலின் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"நான் நல்லாருக்குன்னுதான் சொன்னேன் அத்தை. அவங்க ஏன் கேக்கல?"

"அவனுங்க படம் பார்த்து வளந்தவனுங்க. காது செவிடு" என்றாள் தமிழரசி.

அதற்குப் பிறகு யாழினி வெளியே போகவில்லை. நாங்கள் விடவில்லை. தில்லியிலிருந்து பத்திரம் வரவில்லை. போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. காலையில் மின்னஞ்சலைப் பார்ப்பேன், பிறகு அந்தக் கருத்துகளைப் பார்ப்பேன், மறுபடி மின்னஞ்சல். ஓட்டு வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டால் பகலிலும் விளக்குப் போட வேண்டும். மலர் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கூப்பிட்டாள். "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க அங்க" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியம்.

5

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், சொந்தமாக வாங்கினார், அது பிறகு. எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒருநாள், பண்ணையாரின் நாற்றங்காலில் யாரோ மடையைத் திறந்துவிட்டதில் நாற்று முழுக்க மூழ்கிப்போனது. அப்பாதான் திறந்தார் என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா அந்த வயல் பக்கமே போகவில்லை. எங்களோடு வேறு இடத்தில் இருந்தார். அது ஊருக்கே தெரியும். ஆனாலும் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் குவித்து நின்று, "தெரியாம செஞ்சிட்டேங்க, மன்னிச்சிக்குங்க" என்றார். வேலிக்கு வெளியே தங்கையோடு நின்று நான் பார்த்தேன். திரும்பி வரும்போது கேட்டேன்.

"நீ செய்யலையேப்பா?"

"இல்ல."

"அப்பறம் ஏம்ப்பா?"

"நாளைக்கு வேலை இருக்குல்ல" என்றார்.

  நான் படித்தது, ஊரைவிட்டுப் போனது, கடல் தாண்டிப் போனது எல்லாம் அந்தக் கொல்லைப்புறத்திலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகத்தான் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பைக்குகள் இரண்டாம் தடவை வந்த அன்று, அந்த மைக் பெண்ணின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவள் மோசமான பெண் இல்லை. "தலைப்பு நான் வைக்கல சார். எடிட்டர் வச்சாரு. ரொம்ப சாரி சார்" என்றாள். பிறகு, "நீங்க ஒரு வீடியோ பேசி அனுப்புங்க சார், போட்டுடறேன். அடங்கிடும்" என்றாள்.

கொல்லையில் கிணற்றடியில் நின்று பேசினேன். யாழினியிடம் சொல்லவில்லை. தமிழரசியிடமும் சொல்லவில்லை. நாற்பது வினாடி.

"எல்லாருக்கும் வணக்கம். நான் அந்தப் பொண்ணோட அப்பா. என் பொண்ணு வெளிநாட்டுல வளர்ந்தது. தமிழ் தெரியாது. தெரியாம பேசிடுச்சு. யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சிக்குங்க. படம் ரொம்ப நல்லாருக்கு. குடும்பத்தோட பாருங்க."

அனுப்பிவிட்டு ஒருமுறை போட்டுப் பார்த்தேன். என் கைகள் குவிந்திருந்தன. போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு நின்றிருக்கிறேன், கையைக் குவிப்பதற்காக. அப்படி வைத்தது எனக்கு நினைவே இல்லை.

6

அது வேலை செய்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இரண்டே நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. 'பெரிய மனுஷன்', 'அப்பான்னா இப்படி இருக்கணும்', 'தங்கச்சி தமிழ் கத்துக்கோ' என்று கருத்துகள் வந்தன. பைக்குகள் வரவில்லை. முன்பு தெருப் பெயரைப் போட்டவனே அதை எடுத்துவிட்டு ஒரு இதயப் படம் போட்டிருந்தான். ஜன்னல்களைத் திறந்தோம்.

அத்தையோடு அங்கன்வாடிக்குப் போயிருந்தபோது, அங்கே வந்த யாரோ ஒரு தாயின் போனில் யாழினி அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறாள். வந்து என் முன்னால் நின்றாள். தமிழில்தான் கேட்டாள்.

"அப்பா, எனக்குத் தமிழ் தெரியாதா?"

"அது இல்லம்மா. அந்த நேரத்துல அப்படிச் சொன்னாத்தான்…"

"நான் கேக்கறது அது இல்ல. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"நான் பேசினப்போ நல்லா பேசினேன்னு சொன்னீங்க. கார்ல."

 அவள் ஆங்கிலத்துக்கு மாறினாள். "அவர்கள் என்னைத் திட்டினார்கள், அது அவர்களுடைய முட்டாள்தனம். நீங்கள்தான் நான் வாயே இல்லாதவள் என்று எல்லோரிடமும் சொன்னீர்கள்" என்றாள். கத்தவில்லை. அழவும் இல்லை. உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் தமிழரசி எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். 

"அண்ணே, அந்த வீடியோவை நான் பாதிக்கு மேல பார்க்கல. நம்ம அப்பா நின்ன மாதிரியே நின்னுட்டியே."

"அவனுங்க வீட்டுக்கு வந்துட்டானுங்க தமிழு. பொம்பளப் புள்ளைய வச்சிகிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"பண்ணினது தப்புன்னு நான் சொல்லல. அப்பா பண்ணினதையும் அன்னிக்கு யாரும் தப்புன்னு சொல்லல" என்றாள்.

நான் மைக் பெண்ணைக் கூப்பிட்டு வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். உடனே எடுத்துவிட்டாள். ஆனால் அதற்குள் அதைப் பத்துப் பேர் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். அவர்கள் யாரென்றே தெரியாது. சரி, இன்னொன்று பேசி அனுப்புகிறேன் என்றேன். என் மகளுக்குத் தமிழ் தெரியும், அவள் படத்தைப் புகழ்ந்தாள், நீங்கள்தான் தவறாகக் கேட்டீர்கள், படம் பிடிக்காதவன் நான், நான் கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இதுதான் சொல்ல வேண்டியது. எழுதியும் வைத்துக்கொண்டேன். திண்ணையில், அறைக்குள், வயல் வரப்பில் என்று ஏழெட்டுத் தடவை பதிவு செய்தேன். ஒவ்வொரு தடவையும் 'எல்லாருக்கும் வணக்கம்' என்று தொடங்கியதும் கை மேலே வந்துவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசிப் பார்த்தேன். குரல் குவிந்து நின்றது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

அந்த வாரம் வேறொரு படம் வந்தது. ஜனங்களின் கருத்து அதற்கு மாறிப் போனது.

7

தில்லியிலிருந்து பத்திரம் வந்த மறுநாள் மயிலாடுதுறையில் பகல் ரயில் ஏறினோம், சென்னைக்கு. யாழினி பள்ளியில் இரண்டு வாரம் பிந்தியிருந்தாள். என்னோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள், அதுவும் தேவைக்கு. தண்ணீர் வேண்டும். ஜன்னலைத் திறக்கலாமா. எத்தனை மணிக்குப் போகும்.

எதிர் இருக்கையில் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தாம்பரத்தில் மகன் வீட்டுக்குப் போகிறவர். சிறிது நேரம் யாழினியையே பார்த்துவிட்டு, "உன்ன எங்கயோ பார்த்திருக்கேனேம்மா" என்றார்.  எழுந்து அவளை வேறு பெட்டிக்குக் கூட்டிப்போய்விடலாமா என்று பார்த்தேன். வழி முழுக்க ஆட்களும் மூட்டைகளும்.

"போன்ல பார்த்திருப்பீங்க. அந்தப் படம் பத்திப் பேசின பொண்ணு நான்தான்" என்றாள் யாழினி, தமிழில்.

"அட, ஆமா. உங்கப்பாகூட வந்து மன்னிப்புக் கேட்டாரே." அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "நான் இன்னும் அந்தப் படம் பார்க்கல. வெட்டுக் குத்துன்னாங்க, மருமக வேணான்னுட்டா. எப்படித்தான் இருக்கு?"

யாழினி சொல்லத் தொடங்கினாள். சிதம்பரம் தாண்டும்வரை சொன்னாள். பந்தியில் உட்கார்ந்தது, இடது கையால் அடித்தது, மெஷின் வந்தது எல்லாம். 'துருவி' என்பதற்குச் சொல் வராமல் கையால் தேங்காய் துருவிக் காட்டினாள். 'வில்லன் இறந்து போனாங்க' என்று மரியாதையாகச் சொன்னாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து இருக்கைக்காரர்களும் திரும்பிக் கேட்டார்கள். ஓரிடத்தில் யாழினி நிறுத்திவிட்டு, "ஆனா ஒரே ஒரு விஷயம் ஆன்ட்டி. செத்துப்போறவங்க யாருக்குமே பேர் இல்ல. ரெண்டாவது தடவை யோசிச்சப்போ அது கஷ்டமா இருந்துச்சு" என்றாள்.

தியேட்டரில் நான் குமரவேலிடம் மட்டும் சொன்னது. அவள் காதில் விழுந்திருக்க முடியாது. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அதையும் என்னிடம் சொல்லவில்லை.

தாம்பரத்தில் எங்களோடு இறங்கும்போது அந்த அம்மா என்னிடம், "பொண்ணு நல்லாத்தானே தமிழ் பேசுது, நீங்க ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?" என்றார். குற்றம் சொல்வதுபோல இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "பயந்துட்டேங்க" என்றேன். யாழினி பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். அவள் கேட்டாளா என்று தெரியாது.

ஹாமில்டனுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போகிறேன். குளிர் அறைகளின் கதவுகளைச் சரிபார்க்கிறேன். உள்ளே மாட்டிக்கொண்டால் திறப்பதற்கு ஒவ்வொரு கதவிலும் உட்புறமாக ஒரு பிடி உண்டு, அது வேலை செய்கிறதா என்று தினமும் இழுத்துப் பார்ப்பதும் என் பொறுப்பு. சனிக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில் யாராவது அந்த வீடியோவைப் பற்றிக் கேட்கிறார்கள். முன்பெல்லாம் இங்கே தமிழ் பேசாத பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர்கள் வருத்தப்படும்போது நானும் சேர்ந்து வருத்தப்படுவேன். இப்போது எழுந்து போய் டீ ஊற்றிக்கொள்கிறேன். என் மகளுக்குத் தமிழ் முன்பைவிட நன்றாகவே வருகிறது. அத்தையோடு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசுகிறாள். மலரோடு தமிழில்தான் சண்டை போடுகிறாள். என்னோடு மட்டும் ஆங்கிலம். நான் தமிழில் கேட்கிறேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நேற்று சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் இருந்தோம். மலர் வைத்த குழம்பில் உப்பு குறைவு. உப்பு ஜாடி என் பக்கத்தில் இருந்தது. யாழினி ஜாடியைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் மலர் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவ உப்பு தரச் சொல்லும்மா" என்றாள்.

மலர் என்னைப் பார்த்தாள். நான் ஜாடியை எடுத்து யாழினியின் கையில் கொடுத்தேன்.